தாளில் விழும் துளையும் மானின் உடலில் விழும் துளையும்

(நீண்ட பதிவு. மாணவ நண்பர்கள் கணக்குப் பகுதியைத் தாண்டிச் செல்லாமல் வாசிக்க வேண்டுகிறேன். வாதம் முழுவதும் அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.)

அமெரிக்காவில் இலையுதிர்காலம் பிறந்து மான்வேட்டைப் பருவம் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பழைய வழக்கு புதிதாகக் கிளம்புகிறது. கைத்துப்பாக்கியைக் கொண்டு மானைச் சுடுபவர் எவ்வளவு தொலைவிலிருந்து சுடலாம்? ஐம்பது கெஜம் என்பார் ஒருவர். நூறு என்பார் மற்றொருவர். தொலைநோக்கி பொருத்திய ஒற்றைத்தோட்டாக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் இருநூறு என்பார். ஒவ்வொருவரும் தம் கூற்றுக்குச் சான்றாகத் துப்பாக்கியின் பெயரையும் தோட்டாவின் எடையையும் குழலின் நீளத்தையும் அடுக்குவர். தம்மைச் சான்றாக முன்வைப்பவர் அரிது. மானைச் சான்றாக அழைப்பவர் அதனினும் அரிது.

மனிதருக்கும் காட்டுயிருக்கும் இடையிலான வன்முறையை ஆய்வுப் பொருளாகக் கொண்டிருப்பதால் இந்த வழக்கைப் பற்றி நம் கருத்தரங்குகளிலும் பேச நேர்கிறது. அங்கே இரண்டு மறுமொழிகள் வருகின்றன. முதலாவது: "காட்டுமிராண்டித்தனத்துக்கு அளவுகோல் எதற்கு? வேட்டையே தவறு எனும்போது தொலைவைப் பற்றிய பேச்சு எதற்கு?" இரண்டாவது, குறிசுடும் பயிற்சியுள்ள சில நண்பர்களிடமிருந்து: "துப்பாக்கி துல்லியமானதாக இருந்தால் தொலைவு ஒரு பொருட்டல்ல." ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். முன்னவர் கண்ணுக்குக் கொல்லப்பட்ட மான் மட்டும் தெரிகிறது. பின்னவர் கண்ணுக்குத் துப்பாக்கி மட்டும் தெரிகிறது. குண்டு பட்டும் சாகாமல் புதருக்குள் மறைந்துபோன மான் இருவர் கண்ணிலும் படுவதில்லை. இந்தப் பதிவு அந்த மானைப் பற்றியது.

என் வாதம் இது. பொறுப்பான தொலைவு என்பது துப்பாக்கியின் பண்பு அன்று. அது சுடுபவரின் பண்பு. அதுவும் அவருடைய சிறந்த நாளின் பண்பு அன்று, மோசமான நாளின் பண்பு. அதை அளந்து அறியாமல் விசையை அழுத்துபவர், தாம் செலுத்தப்போகாத விலைக்கு இன்னொரு உயிரைப் பணயம் வைக்கிறார்.

1. இலக்கின் அளவு

வட அமெரிக்காவில் மிகுதியாக வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான். பக்கவாட்டில் நிற்கும் அம்மானின் இதயமும் நுரையீரல்களும் அடங்கிய உயிர்நிலை ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். நம் வீட்டுச் சிற்றுண்டித் தட்டின் அளவு. குண்டு இரு நுரையீரல்களையும் ஊடுருவினால் மான் சில நொடிகள் ஓடி, பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் வீழ்ந்துவிடும். ஒரு சாண் பின்னால் தள்ளிப் பட்டால் இரைப்பை. அப்போது சாவு பல மணி நேரம் இழுக்கும். குடலில் அடிபட்ட மானை உடனே துரத்தாமல் பல மணி நேரம் காத்திருந்து தேடுமாறு அமெரிக்க வேட்டைக்காரர்களே ஒருவருக்கொருவர் அறிவுரை கூறிக்கொள்கின்றனர். அந்தக் காத்திருப்பின் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு சாண் முன்னால் தள்ளிப் பட்டால் தோள் அல்லது மார்பின் தசை. கீழே தாழ்ந்தால் கால். மூன்று காலில் ஓடும் மான் அன்று சாவதில்லை. பனிக்காலத்தில் சாகிறது.

ரைஃபிளின் அதிவேகக் குண்டு தான் கடந்துசெல்லும் பாதையைச் சுற்றிலும் திசுக்களைச் சிதைக்கிறது. கைத்துப்பாக்கியின் குண்டு வேகம் குறைந்தது. தான் துளைத்த வழியை மட்டுமே பெரிதும் சேதப்படுத்துகிறது. ஆகவே இடம் தவறினால் அதற்கு ஈடுசெய்ய இங்கே வேறெதுவும் இல்லை. ரைஃபிளைவிடக் கைத்துப்பாக்கிக்குக் குறியின் கறார்த்தன்மை கூடுதலாகத் தேவை. ஆனால் அதைத் தருவதற்கு அதனிடம் இருப்பதோ குறைவு.

2. ஒரு மில்லிமீட்டர்

எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணங்களே இதற்குப் போதும். ஆறங்குலக் குழலுடைய ரிவால்வரில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 19 செ.மீ. இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துகையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 25 மீட்டரில் குண்டு 13 செ.மீ. விலகும். 50 மீட்டரில் 26 செ.மீ. விலகும். உயிர்நிலை வட்டத்தின் ஆரமே 10 செ.மீ.தான் என்பதை நினைவில் கொள்க. இரு குறிகளுக்கிடையே 60 செ.மீ. உள்ள ரைஃபிளில் அதே ஒரு மில்லிமீட்டர்ப் பிசகு 50 மீட்டரில் 8 செ.மீ. விலகலையே உண்டாக்கும். இரண்டையும் ஏந்துவது அதே கை. நோக்குவது அதே கண். தண்டனை மட்டும் மும்மடங்கு.

தொலைநோக்கி பொருத்தினால் இந்தச் சிக்கல் தீருமே என்பர். இரு குறிகளை ஒரு கோட்டில் நிறுத்தும் சிக்கல் தீரும். கை நடுக்கம் தீராது. தோளில் பொருந்தும் கட்டை இல்லாத ஆயுதத்தை இரு கைகள் மட்டுமே தாங்குகின்றன. விசையின் இழுப்பு ஆயுதத்தின் எடையை விஞ்சுவதும் உண்டு. பின்னுதைப்பை எதிர்பார்த்து மணிக்கட்டு தானாகவே தாழ்கிறது. தொலைநோக்கி இவற்றையெல்லாம் பெரிதாக்கிக் காட்டும். குறைக்காது.

இனி நேரக் கணக்கு. .44 மேக்னம் தோட்டாவின் குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. காற்று அதை விரைவில் தளர்த்துகிறது. 100 மீட்டரைக் கடக்கக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். 50 மீட்டருக்குச் சரியாகக் குறி அமைத்த துப்பாக்கியில் அதே குண்டு 100 மீட்டரில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிடும். தொலைவை 80 என்று தவறாக மதிப்பிட்டவர் தம் குறி சரி என்றே நம்பிச் சுடுவார். குண்டோ மார்பின் அடிவிளிம்புக்குப் போகும். அந்தக் கால் நொடியில் மான் நிதானமாக ஓர் அடி எடுத்து வைத்தாலே போதும். நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நடக்கும் விலங்கு அதற்குள் ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடும். நுரையீரலுக்கு வைத்த குறி இரைப்பையில் முடியும். இதில் துப்பாக்கியின் தவறு எதுவும் இல்லை. அது மிகத் துல்லியமாகத் தவறான இடத்தைத் தாக்கியது.

3. சிறந்த ஐந்து துளைகள்

இனிச் சொல்வது ஆய்வு மாணவர்களுக்கு மிகவும் பழக்கமானது. துப்பாக்கியின் துல்லியத்தை மெய்ப்பிக்க ஒருவர் என்ன செய்கிறார்? மேசையில் மணல்மூட்டை வைத்து, அதன்மேல் ஆயுதத்தைச் சாய்த்து, தாளில் ஐந்து குண்டுகள் சுடுகிறார். துளைகள் நெருக்கமாக விழுந்த தாளைப் படமெடுத்துக் காட்டுகிறார். அகல விழுந்த தாள்கள் குப்பைக்கூடைக்குப் போகின்றன. "அது துப்பாக்கியின் குற்றமன்று, என் கைதான் அசைந்துவிட்டது" என்று ஒரு துளையைக் கணக்கிலிருந்து நீக்குவதும் உண்டு. நம்மில் ஒருவர் இருபது சோதனைகளில் பத்தொன்பதை மறைத்து ஒன்றை மட்டும் ஆய்வேட்டில் சேர்த்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்? இடையூறான தரவுப் புள்ளியை "ஆய்வாளரின் சோர்வு" என்று காரணம் காட்டி நீக்கினால் நெறியாளர் ஒப்புவாரா? மானை நோக்கிச் சுடும்போது அசையப்போவது அந்தக் கைதானே! சோதனையிலிருந்து கையை நீக்கிவிட்டால் எஞ்சுவது இரும்பைப் பற்றிய அறிவு. வேட்டையைப் பற்றிய அறிவு அன்று.

அந்தச் சிறந்த தாளையே ஏற்றுக்கொண்டு கணக்கிடுவோம். 25 மீட்டரில் ஐந்து துளைகள் 6 செ.மீ.க்குள் அடங்குகின்றன என்க. கைத்துப்பாக்கிக்கு இது மிக நல்ல திறன். குண்டுகள் இயல்நிலைப் பரவலில் விழுவதாகக் கொண்டால், கிடைமட்டத்திலும் செங்குத்திலும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2 செ.மீ. என்று இதிலிருந்து பெறலாம். தொலைவு கூடக் கூட அதே விகிதத்தில் விலக்கமும் கூடும். 20 செ.மீ. வட்டத்துக்குள் குண்டு விழும் நிகழ்தகவைக் கணக்கிட்டால் 25 மீட்டரில் தவறவே தவறாது எனலாம். 50 மீட்டரில் 96 விழுக்காடு. 75 மீட்டரில் 75 விழுக்காடு. 100 மீட்டரில் 54 விழுக்காடு. இருபத்தைந்தில் பெருமையோடு படமெடுத்துக் காட்டிய அதே கை, நூறில் நாணயம் சுண்டுவதற்கு இணையாகிவிடுகிறது.

இதுவும் மேசையும் மணல்மூட்டையும் வாய்த்தவருக்கு. காட்டில் மேசை இல்லை. குளிர் உண்டு, மூச்சிரைப்பு உண்டு, மரக்கிளையின்மேல் அரைகுறையாகச் சாய்ந்த நிலை உண்டு. மானைக் கண்டதும் இதயம் படபடத்துக் கை நடுங்குவதற்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் தனிப்பெயரே வைத்திருக்கின்றனர். இவற்றால் விலக்கம் இரு மடங்காகிறது என்று கொள்வோம். இது கடுமையான அனுமானம் அன்று. இப்போது 25 மீட்டரில் 96 விழுக்காடு. 35 மீட்டரில் 80. 50 மீட்டரிலேயே 54. மேசையில் நூறு மீட்டர்த் திறன் கொண்டவராகத் தம்மை நம்பியிருந்தவர் காட்டில் இருபத்தைந்து மீட்டர்க்காரராகிறார். துப்பாக்கி மாறவில்லை. குண்டு மாறவில்லை. சோதனையிலிருந்து நீக்கப்பட்டிருந்த மனிதர் திரும்பி வந்துவிட்டார், அவ்வளவே.

4. வீரக்கதையில் உதிர்ந்துபோன வரி

இந்த மயக்கத்துக்கு வரலாறு உண்டு. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் தோட்டாவை அறிமுகப்படுத்தியபோது, அந்நிறுவனத்தின் டக்ளஸ் வெஸ்ஸனே அதைக் கொண்டு பெருவிலங்குகளை வேட்டையாடிக் காட்டினார். கைத்துப்பாக்கி வேட்டை விளம்பரமாகவும் வளர்ந்தது என்பதை மறக்கலாகாது. 1955இல் .44 மேக்னம் வந்தது. அது உருவாவதற்குப் பல்லாண்டுகள் வாதாடியவர் எல்மர் கீத் என்னும் புகழ்பெற்ற துப்பாக்கி எழுத்தாளர். அவர் அந்த ரிவால்வரால் 600 கெஜத் தொலைவில் ஒரு மானை வீழ்த்தினார் என்பது கைத்துப்பாக்கி ஆர்வலரிடையே புராணத்துக்கு நிகரான கதை. "கீத் அறுநூறில் செய்தார், நான் நூறில் செய்யக் கூடாதா?" என்ற கேள்வி இன்றும் எழுகிறது.

கீத் தாமே எழுதிய வரலாற்றை வாசித்தவருக்குத் தெரியும்: அந்த மான் ஏற்கெனவே அவருடைய தோழரின் ரைஃபிளால் காயப்பட்டுத் தப்பிக்கொண்டிருந்தது. கீத் ஒரே குண்டில் அதை வீழ்த்தவும் இல்லை. முதற்குண்டுகள் விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் குறியைத் திருத்திக்கொண்டே சுட்டார். காயப்பட்ட விலங்கு கைவிட்டுப் போகும் தருணத்தில் எந்தத் தொலைவிலிருந்தும் முயல்வது ஒரு கடமை என்று அவர் சார்பில் வாதிடலாம். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் கதை வாய்மாறி வரும்போது "ஏற்கெனவே காயப்பட்ட" என்ற வரி உதிர்ந்துவிட்டது. "பலமுறை சுட்டு" என்ற வரியும் உதிர்ந்துவிட்டது. எஞ்சியது 600 என்ற எண் மட்டும். ஒரு தவறான சூட்டின் விளைவைச் சரிசெய்ய நேர்ந்த இக்கட்டு, அடுத்த தலைமுறைக்குத் தவறான சூட்டுக்கான உரிமமாகிவிட்டது. மேற்கோள்கள் சூழலை இழந்து பயணிப்பதைப் பற்றி மாதம் ஒரு கட்டுரை எழுதும் நமக்கு இது புதிதா என்ன?

இன்னொரு ஊற்றும் உண்டு. 1976இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு கைத்துப்பாக்கி உலோக உருவச் சுடுதல் சங்கத்தின் போட்டிகளில் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகியவற்றின் எஃகு உருவங்கள் முறையே 50, 100, 150, 200 மீட்டரில் நிறுத்தப்படுகின்றன. அருமையான விளையாட்டு. அதன் திறனாளரை நான் மதிக்கிறேன். ஆனால் எஃகுக் கடாவுக்கு இரண்டே நிலைகள் உண்டு. விழும், அல்லது நிற்கும். கால் உடைந்து ஓடும் எஃகுக் கடா இல்லை. அங்கே தவறு என்பது ஒரு புள்ளி இழப்பு. காட்டில் தவறு என்பது மூன்றாவது நிலை, அதாவது காயம். மூன்றாவது நிலையே இல்லாத விளையாட்டில் கற்ற தொலைவை அந்த நிலை உள்ள இடத்துக்குக் கொண்டுவருவது வகைப்பாட்டுப் பிழை.

5. ஆற்றல் என்னும் திரை

"பெரிய தோட்டாவைப் பயன்படுத்தினால் போதும்" என்பது அடுத்த தப்பித்தல். சட்டங்களும் இதற்குத் துணைபோகின்றன. ஒஹாயோ மாநில விதி மான்வேட்டைக்கான கைத்துப்பாக்கியின் குழல் 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. வர்ஜீனியா விதி தோட்டாவின் ஆற்றல் 350 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது என்கிறது. கருவியை அளப்பது எளிது. கடைக்காரரின் பட்டியலைப் பார்த்தாலே போதும். சுடுபவரை அளப்பது கடினம். ஆகவே சட்டம் எளியதை அளந்துவிட்டுக் கடினமானதை மனசாட்சிக்கு விட்டுவிடுகிறது.

ஆற்றல் எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அம்பே சான்று. வேட்டை வில்லிலிருந்து புறப்படும் அம்பின் ஆற்றல் பொதுவாக 100 அடி-பவுண்டைக்கூட எட்டுவதில்லை. .44 மேக்னத்தின் ஆற்றலோ 1000 அடி-பவுண்டை ஒட்டியது. ஆயினும் இரு நுரையீரல்களையும் அறுத்துச் செல்லும் அம்பு மானைச் சில நொடிகளில் வீழ்த்துகிறது. இரைப்பையில் பட்ட .44 வீழ்த்துவதில்லை. கொல்வது இடம். எண் அன்று. அமெரிக்க வில்வேட்டைக்காரரில் பெரும்பாலோர் இருபது, முப்பது கெஜத்துக்குள் வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பதைத் தம் கலையின் சாரமாகவே கருதுகின்றனர். அம்பின் எல்லையை அவர்கள் தம் கையின் எல்லையாக ஏற்றுக்கொண்டுவிட்டனர். கைத்துப்பாக்கியை ஏந்தியவர் மட்டும் வெடிமருந்து தம் கைக்கும் திறன் தந்துவிட்டதாக ஏன் நம்ப வேண்டும்?

6. அப்படியானால் எது தொலைவு?

குறைகூறுவதோடு நில்லாமல் மாற்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நாட்டுப்புறத்தில் ஓர் எளிய சோதனை வழங்குகிறது. காகிதத் தட்டு ஒன்றை மாட்டிவை. எந்தத் தொலைவில் எல்லாக் குண்டுகளும் தட்டில் விழுகின்றனவோ அதுவே உன் எல்லை. அடிப்படை சரியானது. ஆனால் பலர் ஐந்து குண்டோடு நிறுத்திவிடுகின்றனர். ஐந்துக்கு ஐந்து விழுந்தாலும், உண்மையான தவறும் விகிதம் 45 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதை 95 விழுக்காடு நம்பக மட்டத்தில் அந்தச் சோதனையால் மறுக்க இயலாது. முப்பதுக்கு முப்பது விழுந்தால் அந்த மேலெல்லை 10 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வரும். அறுபதுக்கு அறுபது விழுந்தால் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. புள்ளியியல் முதற்பருவப் பாடம் இது.

ஆகவே என் பரிந்துரை: மேசை கூடாது. காட்டில் எந்த நிலையில் சுடுவாரோ அந்த நிலையில் சுட வேண்டும். ஒரு நாளில் முதற்குண்டு மட்டுமே கணக்கில் சேரும். மான் இரண்டாம் குண்டுக்குக் காத்து நிற்பதில்லை அல்லவா? அப்படி முப்பது நாள்களின் முப்பது முதற்குண்டுகளும் 20 செ.மீ. வட்டத்துக்குள் விழும் தொலைவு எதுவோ, அதுவே அந்த மனிதருக்கு அந்த ஆண்டில் பொறுப்பான தொலைவு. பலருக்கு அது இருபது மீட்டராக இருக்கும். சிலருக்கு ஐம்பது. தொலைநோக்கியும் ஊன்றுகோலும் ரைஃபிள் தோட்டாவும் கொண்ட அரிய திறனாளர் ஒருவருக்கு நூறைத் தாண்டலாம். அவரிடம் எனக்கு வழக்கில்லை. அளந்து பெற்ற எண் எதுவாயினும் அதற்குத் தலைவணங்குவேன். அளக்காமல் பெற்ற எண் முப்பதே ஆனாலும் அதை ஏற்கமாட்டேன்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்போர் நார்வேயைப் பார்க்கட்டும். அங்கே பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். கட்டாயப் பயிற்சிக் குண்டுகள் முப்பது. பிறகு 100 மீட்டரில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளும் விழ வேண்டும். அது ரைஃபிளுக்கான தேர்வு. அந்த வட்டம் எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது. ஆயினும் அரசு அங்கே மனிதரை அளக்கிறது.

தொலைவைக் குறைத்தால் காயம் குறையுமா என்பதற்கும் விடை உண்டு. 1990களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் இளஞ்சிவப்புக்கால் வாத்துகளைப் பிடித்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோது, வளர்ந்த பறவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை உடலுக்குள் ரவைக் குண்டுகளைச் சுமந்துகொண்டு பறப்பது தெரியவந்தது. 1997இல் காயப்படுத்தலைக் குறைக்கும் திட்டம் தொடங்கியது. அருகிலிருந்து சுடுவதை வலியுறுத்துவது அதன் முதன்மையான கூறுகளுள் ஒன்று. அடுத்து வந்த ஆண்டுகளில் ரவை சுமந்த பறவைகளின் விகிதம் தெளிவாகக் குறைந்தது. அங்கே பேசப்பட்டது சிதறுகுண்டுத் துப்பாக்கி, மான் அன்று வாத்து. எனினும் காயம் அளக்கத்தக்கது, தொலைவு திருத்தத்தக்கது என்ற இரண்டையும் அது நிறுவிவிட்டது.

7. வேட்டையே தவறு என்போருக்கு

இனி முதல் மறுமொழிக்கு வருகிறேன். வேட்டையை முற்றாக எதிர்க்கும் நண்பர்களின் அறச்சீற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையில் மடிகின்றன. உங்கள் தீர்மானம் நிறைவேறும் நாள்வரை அவை எப்படி மடிய வேண்டும் என்பதில் உங்களுக்குக் கருத்தே இல்லையா? தூக்குத்தண்டனையை எதிர்ப்பவர் சிறைக்கைதியின் உணவைப் பற்றிப் பேசக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை. தூய்மையான நிலைப்பாட்டில் நின்றுகொண்டு அளவுகோல்களை ஏளனம் செய்வது, அளவுகோலே வேண்டாம் என்னும் துப்பாக்கி விற்பனையாளருக்கு நாம் தரும் இலவச ஆதரவு.

இது அயல்நாட்டுச் சிக்கல் என்றும் ஒதுங்க முடியாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் வரையறைப்படி கொல்வது மட்டுமன்றிக் கொல்ல முயல்வதும் காயப்படுத்துவதும் வேட்டையே. ஆனால் அதே சட்டம் விதிவிலக்குகளையும் தருகிறது. பயிர்ச்சேதத்தைக் காரணமாகக் கொண்டு பிகாரில் நீல்காய்களைச் சுட ஒன்றிய அரசு 2015 இறுதியில் வழிவிட்டது. 2016 ஜூனில் மொகாமா பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நீல்காய்கள் சுடப்பட்டன. கேரளத்தில் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. இவற்றின்மீது நடந்த விவாதங்களில் கொல்லலாமா, கூடாதா என்பதே முழங்கியது. மேனகா காந்தியும் பிரகாஷ் ஜாவடேகரும் ஒரே அமைச்சரவையில் இருந்துகொண்டு மோதியதும் அதைப் பற்றித்தான். யார் சுடுகிறார், எவ்வளவு தொலைவில், எந்தத் தேர்வில் தேறியபின், தப்பிய விலங்கைத் தேடும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளை எழுப்பிய குரல்கள் மெலிந்தே ஒலித்தன. விவசாயியின் துயரம் மெய். அதற்கு நான் எதிரியல்லேன். ஆனால் அரைகுறையாகச் சுடப்பட்ட காட்டுப்பன்றி மறுநாள் காலையில் அதே விவசாயியின் வரப்பில்தான் நிற்கும்.

காயம் எங்கே முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு கொடிய சான்று உண்டு. 436 பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட், அதன் வலப்புறக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்ததைக் கண்டார். பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமற்போனதே அது மனிதரைத் தேடியதற்குக் காரணம் என்று அவர் எழுதினார். அந்தக் காயத்தை உண்டாக்கிய குண்டைச் சுட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. "சற்றே தவறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். மான் பழிவாங்குவதில்லை. ஆகவே மானுக்கு இழைத்த அதே பிழை கணக்கில் ஏறுவதில்லை. அவ்வளவே வேறுபாடு.

மனிதரை வைத்து ஆய்வு செய்ய நாம் நெறிமுறைக் குழுவின் முன் நிற்கிறோம். அங்கே கேட்கப்படும் முதற்கேள்விகளுள் ஒன்று: இடர் யாருக்கு, பயன் யாருக்கு? இரண்டும் ஒருவருக்கே உரியவையாக இல்லாதபோது, மெய்ப்பிக்கும் சுமை இடரை உண்டாக்குபவர்மேல் விழுகிறது. மானிடம் ஒப்புதல் பெற வழியில்லை. ஆகவே அந்தச் சுமை முழுவதும் விசையில் விரல் வைத்தவருக்குரியது. "என் துப்பாக்கியால் முடியும்" என்பது அந்தச் சுமையை இறக்கிவைக்காது. "நான் முப்பது முறை அளந்தேன், இதற்கு அப்பால் என்னால் இயலாது, ஆகவே அந்த மானைப் போகவிட்டேன்" என்று சொல்லக்கூடியவரிடம் மட்டுமே வேட்டையின் அறம் பற்றிப் பேச ஏதேனும் இருக்கிறது.

மறுப்புகளை வரவேற்கிறேன். 20 செ.மீ. வட்டம் பெரிது என்றோ சிறிது என்றோ, என் அனுமானங்கள் தவறு என்றோ வாதிடுங்கள். திருத்திக் கணக்கிடுவோம். துப்பாக்கியின் பெயரை மட்டும் விடையாக எழுதாதீர்கள். கேட்டது உங்கள் எண்ணை.